பிரேக்கில் கோளாறு இல்லை, தலையணையில்தான்

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கோத்தகிரியில் இருந்து கிளம்பி கட்டபெட்டு தாண்டி வண்டிச்சோலைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் குன்னூரில், நான் அங்கே கணக்கு டீச்சர். மிஸ்ட் நன்றாக இறங்கியிருந்தது, முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு. அந்த வண்டி ஒரு வளைவில் மறைந்ததும் இடதுபக்கத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து ஒரு காட்டெருமை, எந்த அவசரமும் இல்லாமல், ரோட்டில் காலை வைத்தது.

பிரேக்கை மிதித்தேன். மிதித்ததாகத்தான் நினைத்தேன். ஆனால் வண்டி நிற்பதற்குப் பதில் நான் சீட்டில் பின்னால் போனேன். கால் நீண்டது, முதுகு சீட்டில் மோதியது, பெடல் காலுக்கடியில் கரகரவென்று உதறியது, பயந்து ஒரு நொடி காலைத் தளர்த்திவிட்டேன். மறுபடி மிதித்து, ஸ்டியரிங்கை ஒடித்து, ஒரு கல்வெட்டுச் சுவரில் பம்பரை முட்டி நின்றேன். கல்வெட்டு என்றால் ராஜராஜ சோழன் கல்வெட்டு இல்லை, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற சின்னப் பாலம். நம்பர் பிளேட் மடங்கியது, அவ்வளவுதான். காட்டெருமை நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் இறங்கிப் போய்விட்டது. எனக்குத்தான் முட்டி நடுங்கி, பத்து நிமிஷம் வண்டியை எடுக்க முடியவில்லை.

வீட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: பிரேக்கைப் பார். மெக்கானிக்கிடம் விட்டேன். பிரேக் பேடைக் கழற்றிப் பார்த்தார், பிரேக் ஆயில் பார்த்தார், டயரைப் பார்த்தார். அப்புறம் சீட்டில் இருந்த தலையணையைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டுவிட்டு, தன் நீளக் காலை மடக்கி உட்கார்ந்து ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, "பிரேக் கல்லு மாதிரி நிக்குது டீச்சர், ஒண்ணும் இல்ல" என்றார். பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. தலையணையை எடுத்துவிட்டு ஓட்டினார், அதனால் நின்றது. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

என் உயரம் 4 அடி 11 அங்குலம். வீட்டுக்காரர் 5 அடி 9. கார் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன ஹேட்ச்பேக், சீட்டை முன்னே பின்னே தள்ளலாம், உயரத்தைக் கூட்ட முடியாது. பானெட்டுக்கு அப்பால் ரோடு தெரியாததால் சோஃபா தலையணை ஒன்றைப் போட்டு உட்கார ஆரம்பித்தேன், மூன்று வருஷமாக. என்னைப் போல் குள்ளமான டீச்சர்கள், நர்ஸ்கள் பத்துப் பேரில் நாலு பேராவது இப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். பார்க்கிங்கில் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாலே தெரியும்.

கண்டுபிடித்தது மாமாதான், என் மாமனார். முப்பது வருஷம் எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். எஞ்சின் ஓடினால்தான் மிதியின் பலத்தைக் கூட்டித் தருகிற பூஸ்டர் வேலை செய்யும், பெடல் நிஜமாக எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். கதவைத் திறந்து வைத்து, குனிந்து, என் இடுப்புக்கும் சீட்டின் சாய்மானத்துக்கும் நடுவில் கையை விட்டார். உள்ளங்கை, மணிக்கட்டு, அதற்கு மேலும் உள்ளே போனது.

"இப்ப மாடு வந்துருச்சு. மிதிம்மா."

மிதித்தேன். ஸ்ஸ் என்று கையை உருவிக்கொண்டார். சிவந்துவிட்டது. உதறிக்கொண்டே சொன்னார்: "பாதி மிதி பிரேக்குக்கு, பாதி மிதி என் கைக்கு."

அதற்கப்புறம் அவர் சொன்னதைத்தான் நான் வகுப்பில் நியூட்டன் மூன்றாம் விதி என்று வேறு வார்த்தையில் கேட்டு வளர்ந்தேன். "முதுகைச் சுவர்ல வச்சு பீரோவத் தள்ளுனா பீரோ நகரும். வழுக்குற தரையில நின்னு தள்ளுனா நீதான் நகருவ." சீட்டின் சாய்மானம்தான் அந்தச் சுவர். நான் தலையணைமேல், சாய்மானத்தில் ஒட்டாமல், ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். மிதித்தால் முதலில் தலையணை நசுங்கும், அப்புறம் அது சீட் துணிமேல் வழுக்கும், அப்புறம் என் இடுப்பு பின்னால் போய் எதிலாவது முட்டும், அதற்குப் பிறகுதான் முழு பலம் பெடலுக்குப் போகும். அதற்குள் கால் கிட்டத்தட்ட நேராகிவிடும். நேரான காலில் மேற்கொண்டு அழுத்த என்ன இருக்கிறது?

அப்படியென்றால் தலையணையை எடுத்துவிட்டு சாய்ந்து உட்கார வேண்டியதுதானே? உட்கார்ந்து பார்த்தேன். ரோடு தெரியவில்லை. இடுப்பைப் பின்னால் ஒட்டினால் சீட்டின் முன்விளிம்பு முட்டிக்குப் பின்னால் குத்துகிறது, ஏனென்றால் என் தொடை நீளத்தை விட சீட் நீளம் அதிகம். சீட்டை முன்னால் இழுத்தால் கால் எட்டும், ஆனால் முட்டி டேஷ்போர்டுக்கு அடியில் இடிக்கும், நெஞ்சு ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொள்ளும். ஏர்பேக் இருக்கிற வண்டியில் நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. நான் ஸ்கேல் வைத்து அளந்தபோது எனக்கு 19 வந்தது. உயரம் வேண்டுமென்றால் கால் எட்டாது, கால் எட்ட வேண்டுமென்றால் நெஞ்சு இடிக்கும். உயரமானவர்களுக்கு இந்தத் தொல்லை புரியவே புரியாது, வீட்டுக்காரர் "சீட்டைக் கொஞ்சம் தள்ளிக்கோயேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சரி, கோத்தகிரியில் குஷன் கடைக்கு வண்டியை எடுத்துப் போனோம். கடைக்காரர் முதலில் பின்பக்கம் உயரமாக, முன்பக்கம் தாழ்வாக ஆப்பு மாதிரி ஃபோம் வைக்கலாம் என்றார், பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று. மாமா உடனே, "சறுக்குமரமா செய்யறீங்க? பிரேக் போட்டா பிள்ள பெல்ட்டுக்கு அடியில நழுவிரும்" என்று தடுத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான், கார் சீட்டில் முன்பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருப்பதே உடம்பு முன்னால் நழுவாமல் இருக்கத்தான். கடைசியில், பழைய ஃபோம் துண்டுகளை ஒட்டி அழுத்திச் செய்த கெட்டி ஃபோம், கட்டை விரலால் அமுக்கினால் லேசாகத்தான் உள்ளே போகும், அதில் 4 சென்டிமீட்டர் சமமாக உட்காரும் இடத்துக்கு, தொடைக்கு வருகிற முன்விளிம்பில் மட்டும் கொஞ்சம் சீவி. முதுகுக்கு, இடுப்பில் இருந்து தோள்பட்டை எலும்புக்குக் கீழ் வரை 5 சென்டிமீட்டர். முதுகு ஃபோம்தான் எனக்கு உண்மையான விடை. இடுப்பு சுவரைத் தேடிப் பின்னால் போகவில்லை, சுவர் முன்னால் வந்துவிட்டது. எல்லாம் சீட் கவருக்குள் வைத்துத் தைத்தது, ஒரு இம்மிகூட நகராது. தையல் கூலியோடு 1,400 ரூபாய் ஆனது.

இங்கே இரண்டு விஷயம். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிற வண்டி என்றால் கண்டபடி கவர் தைத்து மூடக் கூடாது, அது வெடித்து வெளியே வர வழி வேண்டும். என் வண்டியில் அது இல்லை. இன்னொன்று, சீட் தண்டவாளத்துக்கு அடியில் வாஷரோ இரும்புத் துண்டோ வைத்து போல்ட்டை நீளமாக்கி உயரம் கூட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், வேண்டாம் என்றேன். மோதலில் சீட்டைப் பிடித்து வைப்பதே அந்த நாலு போல்ட்தான்.

ஃபோம் வைத்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. உட்காரும் விதத்தை முதலில் இருந்து பழக வேண்டியிருந்தது. நான் இத்தனை நாள் சீட் தூரத்தை பிரேக்கை வைத்துத்தான் பார்த்தேன், கிளட்சைப் பார்க்கவில்லை. கிளட்ச்தான் தரை வரை போகும். இடுப்பு ஒட்டியபடி இடது காலால் கிளட்சை முழுக்க மிதித்தால் முட்டியில் கொஞ்சம் மடிப்பு மிச்சம் இருக்க வேண்டும். அந்த இடத்தில் சீட்டைப் பூட்டிவிட்டு வலது காலால் பிரேக்கை உயிர் போகிற மாதிரி மிதித்துப் பார்க்க வேண்டும், அதிலும் மடிப்பு இருக்க வேண்டும், முட்டி எங்கேயும் இடிக்கக் கூடாது. சாய்மானம் வீட்டுக்காரர் வைத்திருந்தது கிட்டத்தட்ட ஈசிசேர். அதை நிமிர்த்தினேன். தோள் சீட்டில் இருக்கும்போதே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும், அது கணக்கு. நிமிர்த்தினதில் கண்ணும் இரண்டு விரல் உயர்ந்தது. நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் இப்போது 26 சென்டிமீட்டர்.

அடுத்தது குதிகால். சின்னக் கார்களில் வலது முன்சக்கரத்துக்காக உள்பக்கம் புடைத்திருக்கும், அதனால் பெடல்கள் எல்லாம் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி இருக்கும், நாம் நேராக உட்கார்ந்தாலும் கால் சாய்ந்துதான் போகும். நான் குதிகாலை ஆக்சிலரேட்டருக்கு நேரே வைத்திருந்தேன். பிரேக்குக்கு வர முழுக் காலையும் தூக்கி எடுத்து வைக்க வேண்டும். மாமா குதிகாலை பிரேக்குக்கு நேரே வைக்கச் சொல்லி, ஆக்சிலரேட்டருக்கு மட்டும் முன்பாதத்தைச் சாய்க்கச் சொன்னார். லேசாக பிரேக் தொட இது போதும், பாதம் திரும்பினால் ஆயிற்று. ஆனால் பிரேக் பெடல் ஆக்சிலரேட்டரை விட உயரம், என் பாதம் சின்னது, நிஜ அவசரத்தில் குதிகாலைத் தூக்கித்தான் முன்பாதத்தின் சதை முழுக்கப் பெடலில் படும்படி மிதிக்க வேண்டியிருக்கிறது. அதிலும் தப்பில்லை, குதிகால் எங்கிருந்து கிளம்புகிறது என்பதுதான் விஷயம்.

புடவை. இதை ஆண்கள் யாரும் எழுத மாட்டார்கள். கொசுவம் குதிகாலுக்கு அடியில் மாட்டினால் கால் ஒரு கணம் அங்கேயே நிற்கும். மழைநாளில் ஈரக் கொசுவம் தரையில் போட்ட மேட்டோடு ஒட்டிக்கொள்ளும். இப்போது உட்கார்ந்ததும் கொசுவத்தை முட்டிக்கு நடுவில் கொஞ்சம் மேலே இழுத்துத் தொடைக்கு அடியில் செருகிக்கொள்கிறேன், செருப்பைக் கழற்றிவிட்டு மெல்லிய அடி உள்ள கேன்வாஸ் ஷூ போட்டுக்கொள்கிறேன். கழற்றிய செருப்பு பின்சீட்டுக்கு அடியில், பையில். முன்னால் போட்டால் உருண்டு பெடலுக்கு அடியில் போகும். தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான், மலை இறங்கும்போது பின்னால் இருக்கிற பாட்டில் சீட்டுக்கு அடியில் உருண்டு முன்னால் வந்து, பிரேக் பெடலுக்கும் தரைக்கும் நடுவில் உட்கார்ந்தால் முடிந்தது கதை. தரை மேட்டும் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மேட் போட்டிருந்தேன், சேறு படாமல் இருக்க என்று. மேலே இருந்ததை எடுத்துவிட்டேன்.

இவ்வளவு செய்து என்ன மாறியது என்று கணக்கு டீச்சருக்குத் தெரிய வேண்டாமா? பள்ளி மைதானத்தில் ஒரு ஞாயிறு போனோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி வருவேன், வீட்டுக்காரர் ஓரத்தில் நின்று, எப்போது என்று சொல்லாமல் கைக்குட்டையைக் கீழே போடுவார், என் பையன் பின்பக்கம் இருந்து கைக்குட்டையும் பிரேக் லைட்டும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி போனில் வீடியோ எடுப்பான். நொடிக்கு 30 ஃபிரேம். கைக்குட்டை கையை விட்ட ஃபிரேமில் இருந்து லைட் எரிகிற ஃபிரேம் வரை எண்ணினோம். பழைய மாதிரி, தலையணைமேல், குதிகால் ஆக்சிலரேட்டருக்கு நேரே: ஐந்து தடவையின் சராசரி 31. புது சீட், புதுக் குதிகால்: 24. பழகியதால் குறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்து மறுபடி தலையணையைப் போட்டு எடுத்தேன், 29 வந்தது. ஆக, இரண்டு ஃபிரேம் பழக்கத்துக்கு, ஐந்து ஃபிரேம் சீட்டுக்கும் குதிகாலுக்கும் என்று வைத்துக்கொண்டேன். ஐந்து ஃபிரேம் என்றால் நொடியில் ஆறில் ஒரு பங்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகும், அப்படியானால் 1.8 மீட்டர். அன்றைக்குப் பம்பருக்கும் கல்வெட்டுக்கும் வேண்டியிருந்தது அதில் கால்வாசி.

அதுவும் லைட் எரிகிற வரைக்கும்தான் இந்தக் கணக்கு. லைட் லேசாகத் தொட்டாலே எரியும். அதற்கு அப்புறம் முழு அழுத்தம் வர எவ்வளவு நேரம் என்பதை போன் வீடியோவில் பிடிக்க முடியாது, தலையணை தின்றது அங்கேதான் அதிகம். தவிர, கைக்குட்டை விழும் என்று தெரிந்து காத்திருப்பதும் மிஸ்ட்டுக்குள் மாடு வருவதும் ஒன்றில்லை, நிஜத்தில் இரண்டு எண்ணுமே கூடத்தான் இருக்கும்.

மைதானத்தில் கிடைத்த இன்னொரு லாபம், அந்தக் கரகரப்பு. இந்தியாவில் 2019 ஏப்ரலில் இருந்து புதுக் கார்களுக்கு ஏபிஎஸ், அதாவது பலமாக பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு, கட்டாயம், என் வண்டியிலும் உண்டு, ஆனால் அது வேலை செய்யும்போது பெடல் காலை உதைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டிரைவிங் ஸ்கூலில் எட்டுப் போடச் சொன்னார்கள், ஒரு தடவைகூட முழு பலத்தில் பிரேக் போடச் சொல்லவில்லை. ஈர மண்ணில் நாலைந்து தடவை வேண்டுமென்றே அழுத்தி, அது உதைக்க உதைக்க விடாமல் மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தேன். உதைக்கிறது என்றால் வேலை செய்கிறது என்று அர்த்தம், காலை எடுக்கக் கூடாது. கூடவே கிளட்சையும் மிதிக்க வேண்டும், எஞ்சின் நின்றுவிடாமல். காலியான இடம், பின்னால் யாரும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த இடமாக இருந்தால் யாரும் ஒரு தடவை செய்து பார்க்கலாம்.

இறக்கத்தில் எனக்கு வேறு ஒரு வித்தியாசம் தெரிந்தது. மாசம் ஒரு தடவை மேட்டுப்பாளையம் போவோம், கோத்தகிரியில் இருந்து 33 கிலோமீட்டர், அதற்குள் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரம் இறங்குகிறோம். முன்பெல்லாம் குஞ்சப்பனை வருவதற்குள் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். குதிகால் தரையில் ஊன்றாமல் காலை அந்தரத்தில் வைத்திருந்ததால் வந்தது, வலி தாங்காமல் காலை பிரேக்மேலேயே சாய்த்து வைத்துவிடுவேன், அது தெரியாமலேயே பிரேக்கைச் சூடாக்கும். ஆட்களோடு ஆயிரம் கிலோ வண்டி அந்த உயரம் இறங்குகிற சக்தி முழுதும் சூடானால் நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும், நான் போட்டுப் பார்த்த கணக்கு. அதில் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளத்தான் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்கிறார்கள். இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சின் நின்றால் பூஸ்டரில் மிச்சம் இருக்கிற வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், அப்புறம் பெடல் பாறையாகிவிடும், எப்படி உட்கார்ந்தாலும் என் உயரத்துக்கு அதை மிதிக்க முடியாது.

இப்போது குதிகால் ஊன்றியிருப்பதால், அந்தப் பக்கம் தெரியாத வளைவோ, மிஸ்ட்டோ, தேயிலைச் செடி ரோட்டை ஒட்டி இருக்கிற இடமோ வந்தால் ஆக்சிலரேட்டரை விட்டு முன்பாதத்தை பிரேக்குக்கு மேலே, தொடாமல், வைத்துக்கொள்கிறேன். வலிக்கவில்லை என்பதால் செய்ய முடிகிறது. மைதானத்தில் இதையும் எடுத்துப் பார்த்தோம், 17 ஃபிரேம். சீட் மாற்றிக் கிடைத்ததை விட இது அதிகம் என்று மாமாவிடம் சொன்னேன். "அதான் முப்பது வருஷமா நாங்க செஞ்சது. உக்கார எடம் சரியில்லன்னா அதையும் செய்ய முடியாதே" என்றார்.

பெல்ட் மட்டும் இன்னும் கழுத்தை உரசுகிறது. 4 சென்டிமீட்டர் உயர்ந்ததில் கொஞ்சம் இறங்கியது, முழுசாக இல்லை. குளிருக்குத் தடி ஜெர்கின் போட்டுக்கொண்டு பெல்ட் மாட்டினால் தோளில் இருந்து விலகித் தொளதொளவென்று நிற்கிறது, அதனால் ஜெர்கினைக் கழற்றி வைத்துவிட்டு ஹீட்டர் போட்டுக்கொள்கிறேன். பெல்ட்டில் மாட்டுகிற கிளிப் ஒன்று கடையில் காட்டினார்கள், அது பெல்ட்டை வேறு கோணத்தில் இழுப்பதைப் பார்த்துவிட்டு வாங்கவில்லை.

வீட்டுக்காரருக்குத்தான் கஷ்டம், முதுகு ஃபோம் அவரை ஸ்டியரிங் பக்கம் தள்ளுகிறது, சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி எப்படியோ ஓட்டுகிறார். திரும்பி வரும்போது என் இடத்தில் வைக்க மறந்துவிடுகிறார் என்பதற்காக, சீட் தண்டவாளத்தில் என் பூட்டு விழுகிற பல்லுக்கு நேரே சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் அதற்குப் பக்கத்திலேயே, மூன்று பல் தள்ளி, நீலப் பேனாவில் அவர் ஒரு கோடு போட்டிருக்கிறார்.